மூழ்கும் சாலையைப் படம் எடுப்பது: லிண்டிஸ்ஃபார்ன் தாம்போதிக்கு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்தில், லிண்டிஸ்ஃபார்ன் தீவு இருக்கிறது. ஹோலி ஐலண்ட் என்றால்தான் அங்கே பலருக்குத் தெரியும். பீல் என்ற சிற்றூரின் கரையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்கு அடியில் போய்விடும். மழைக்காலத்தில் ‘தரைப்பாலம் மூழ்கியது’ என்று நம் ஊரில் செய்தி வருமே, இங்கே அது அன்றாட நடப்பு. இந்த மாதிரிப் பாதையை யாழ்ப்பாணப் பக்கம் தாம்போதி என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சில வருடங்களாக அங்கே போய்வருகிறேன், படமெடுக்கும் நண்பர்களையும் அழைத்துப் போகிறேன். அவர்களில் யாரும் கேமராவில் தடுமாறிப் பார்த்ததில்லை. எல்லோரும் தடுமாறுவது நேரத்தில்தான். மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும் கடல் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். இந்த ஏற்ற வற்றத்தைத்தான் ஓதம் என்கிறோம். இங்கே பெரிய ஓத நாளில் நான்கு மீட்டரைத் தாண்டும், அதுவும் தட்டையான மணல்வெளியில். கண்ணால் மதிப்பிட்டால் தப்பாகத்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் கேமரா எட்டாவது படியில்தான் வெளியே வருகிறது.

1. எந்தப் படம் வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

இங்கே எடுக்கக்கூடியது அடிப்படையில் மூன்று படம். தண்ணீர் இப்போதுதான் வடிந்து, வானம் ஈரச் சாலையில் தெரியும் படம் ஒன்று. சாலை நேராகப் போய்த் தண்ணீருக்குள் மறையும் படம் இன்னொன்று. மூன்றாவது, முழு ஏற்றத்தில் எங்கும் தண்ணீராக இருக்க, அடைக்கலக் கூண்டும் கம்பங்களும் மட்டும் தலைநீட்டும் படம்.

அடைக்கலக் கூண்டு என்பது சாலையோரம் கால்கள் நட்டு உயரத்தில் கட்டிய வெள்ளை மரக் கூண்டு. வயல் காவலுக்குப் போடும் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மாட்டியவர்கள் ஏணியில் ஏறி உட்கார்ந்துகொள்வதற்காக அது இருக்கிறது.

மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று வருபவர்கள் ஒன்றையும் ஒழுங்காக எடுப்பதில்லை. முழு ஏற்றத்துக்கும் முழு வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஒன்றில் வெளிச்சம் சரியாக அமைந்தால் மற்றதில் அமையாது. நிற்க வேண்டிய கரையும் வேறு. ஒரு பயணத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை கிடைத்தால் லாபம்.

2. இரண்டு அட்டவணைகளையும் சேர்த்துப் படியுங்கள்

முதல் அட்டவணை நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் வெளியிடும் சாலை கடக்கும் நேரம். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கார் போகலாம் என்பதை நாள்வாரியாகச் சொல்லும். இரண்டாவது ஓத அட்டவணை. ஏற்றமும் வற்றமும் எப்போது, தண்ணீர் எத்தனை மீட்டர் என்பது அதில்தான் இருக்கும். முதலாவது உங்கள் உயிருக்கு, இரண்டாவது உங்கள் படத்துக்கு. புதியவர்கள் ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஓத அட்டவணையில் மூன்று இடத்தில் கால் இடறும்.

முதலாவது, கடிகாரம். சில அட்டவணைகள் வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். கோடையில் பிரிட்டனில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எந்த நேரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று மேல் வரியில் பார்த்து, தேவையானால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை ஒரு கோடை மாலையைத் தொலைத்தது இந்தக் கூட்டலை மறந்ததால்தான்.

இரண்டாவது, துறைமுகம். பக்கத்துப் பெரிய துறைமுகத்தின் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டைன் ஆற்று வாயில் இருக்கும் நார்த் ஷீல்ட்ஸுக்கு ஏற்றம் வருவதற்கு முன்பே ஹோலி ஐலண்டுக்கு வந்துவிடும், ஏனென்றால் இந்தக் கரையில் ஓதம் வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. முக்கால் மணி நேர வித்தியாசத்தில் படமே மாறிப்போகும்.

மூன்றாவது, உயரம். அட்டவணையில் 4.6 மீட்டர் என்று இருந்தால் சாலைக்கு மேல் 4.6 மீட்டர் தண்ணீர் என்று பொருள் இல்லை. கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து எடுத்த கணக்கு அது. நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்த நாளில் பெரிய ஓதம் என்று தெரிந்துகொள்ள வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில், அதாவது பிரதமை, துவிதியை வாக்கில், ஓதம் மிகப் பெரியதாக இருக்கும். அஷ்டமி கழிந்து நவமி, தசமியில் மிகச் சிறியதாக இருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய அமாவாசையும் பௌர்ணமியும் வருடத்திலேயே பெரிய ஓதங்களைக் கொண்டுவரும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பதை நான் நம்புவதில்லை. ஆனால் சாலை முழுக்க மூழ்கும் படத்துக்கு மட்டும் அந்த நாட்களைத் தவிர்க்கிறேன்.

அடுத்து, தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. கடலோடிகள் வைத்திருக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. மொத்தம் 4.2 மீட்டர் என்றால் முதல் மணியில் 35 சென்டிமீட்டர்தான் ஏறும். ஆனால் நடுவில் உள்ள இரண்டு மணியில் மட்டும் 2.1 மீட்டர், சரிபாதி, ஏறிவிடும். ‘ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன், தண்ணீர் அசையவே இல்லையே’ என்று சொன்னவர் அடுத்த அரை மணியில் ஓடுவது இதனால்தான்.

3. ஓதத்தை வெளிச்சத்தோடு பொருத்துங்கள்

ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் எந்த நேரத்துக்கும் எந்த ஓதமும் அமையும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஓர் இடத்தில் பெரிய ஓதத்தின் ஏற்றம் எப்போதும் நாளின் ஒரே பொழுதை ஒட்டித்தான் வரும், ஏனென்றால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் சந்திரனும் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன.

ஹோலி ஐலண்டில் பெரிய ஏற்றம் கிரீன்விச் கணக்கில் பிற்பகல் 3 மணியை ஒட்டியும் அதிகாலை 3 மணியை ஒட்டியும் வரும். அப்படியானால் பெரிய வற்றம் காலையும் இரவும் 9 மணி வாக்கில். இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் வருடத்தையே திட்டமிட்டுவிடலாம்.

டிசம்பரில் சூரியன் மாலை 3.40 வாக்கிலேயே மறைந்துவிடும். பெரிய ஏற்றமும் அப்போதுதான். முழுத் தண்ணீருக்கு மேல் அஸ்தமனம் வேண்டுமா, குளிர்காலத்து அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மறுநாள் போங்கள். ஜூனில் அஸ்தமனம் உள்ளூர்க் கடிகாரத்தில் இரவு 10 மணியை நெருங்கும். பெரிய வற்றமும் ஏறக்குறைய அதே நேரம். ஈர மணலில் வானம் தெரியும் படம் வேண்டும் என்றால் கோடை. அதே ஜூனில் சூரிய உதயம் அதிகாலை 4.30, அப்போது தண்ணீர் நிரம்பியோ இப்போதுதான் இறங்கத் தொடங்கியோ இருக்கும். தூக்கத்தைத் தியாகம் செய்யத் தயார் என்றால் அது அருமையான நேரம், ஆளும் இருக்க மாட்டார்கள்.

வாரக் கடைசியில் விடுமுறை கிடைத்தது என்பதற்காக ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் ஓதம் பார்ப்பது தலைகீழான வேலை. முதலில் ஓதம், பிறகு வெளிச்சம், கடைசியில் விடுமுறைக்கு விண்ணப்பம்.

4. தண்ணீர் மூடும்போது எந்தக் கரையில் இருப்பீர்கள்?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படங்களில் பாதி, சாலை மூடியிருக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. எனவே சாலை மூடுவதற்கு முன்பே ஒரு கரையைத் தேர்ந்து, அங்கே போய், நின்றுவிட வேண்டும். நடுவில் இருப்பது என்பது கணக்கிலேயே இல்லை.

பீல் கரையில் நின்றால் சாலை வடகிழக்காகக் கடலுக்குள் இறங்கும். சாலையில் உள்ள பாலமும் கூண்டும் இந்தக் கரைக்குத்தான் கிட்டத்தில் இருக்கின்றன. கோடை உதயத்துக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள், சூரியன் கூண்டுக்குப் பின்னால் எழும்பும். வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

தீவுப் பக்கம், ஸ்னூக் என்ற மணல்மேட்டை ஒட்டி நின்றால் பார்வை தென்மேற்காகப் போகும். டிசம்பர் அஸ்தமனத்துக்கு இது. கூண்டு தூரத்தில் இருப்பதால் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும். ஆனால் தண்ணீர் வடியும்வரை தீவில்தான் இருக்க வேண்டும். சாலை பொதுவாக ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மூடி, மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் திறக்கும். அதற்குச் சாப்பாடு, சூடான டீ, காரில் போர்வை எல்லாம் வேண்டும். முடிந்தால் தீவிலேயே ஓர் இரவு அறை எடுங்கள். பகலில் வந்த கூட்டமெல்லாம் சாலை மூடுவதற்கு முன் ஓடிவிடும், தீவு அப்போதுதான் நன்றாக இருக்கும்.

தீவிலிருந்து திரும்புகிறவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். தீவு ஓரத்துச் சாலை காய்ந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்புவார்கள். தண்ணீர் முதலில் ஏறுவது எதிர்க்கரைப் பக்கம், பாலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதியில். மூன்று மைல் சாலையின் பெரும்பகுதியை உலர்ந்த தரையிலேயே ஓட்டிவிட்டு, கரை கண்ணில் தெரியும் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு வருடமும் இப்படிக் கார்கள் மூழ்குகின்றன.

5. முந்தைய நாள் வானிலையைப் பாருங்கள்

அட்டவணை என்பது சந்திரனையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு. காற்றும் காற்றழுத்தமும் அதில் இல்லை. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். புயல் சின்னம் கடக்கும்போது 30 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் அதுவே 30 சென்டிமீட்டர். இதோடு கடலிலிருந்து கரைநோக்கிப் பலத்த காற்றும் சேர்ந்தால் தண்ணீர் குறித்த நேரத்துக்கு முன்பே வந்து, தாமதமாகத்தான் போகும். அப்படிப்பட்ட நாளில் அட்டவணையின் கடைசி அரை மணி நேரத்தை இல்லாததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கடல் மூடுபனியும் இங்கே ஒரு பிரச்சினை. வசந்தத்திலும் கோடையிலும் நல்ல வெயில் நாளிலேயே கடலிலிருந்து உருண்டு வரும். படத்துக்கு அழகுதான், கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்க்கலாம். சாலையோரம் நிற்பவர் தாராளமாக எடுக்கட்டும். மணலில் தூரமாகப் போனவர் திரும்ப வேண்டிய நேரம் அது.

6. பையில் இருக்க வேண்டியவை

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், மாற்றுக் காலுறை, நெற்றியில் மாட்டும் விளக்கு, விசில், நன்றாகச் சார்ஜ் ஏற்றிய போன். அட்டவணையைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். ஈரக் கையில் போன் திரை வேலை செய்யாது, குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும்.

கேமராப் பக்கம்: கனமான ட்ரைபாட், ஆறு ஸ்டாப், பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர்கள் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடிகள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), போலரைசர் (பிரதிபலிப்பை அடக்கும் ஃபில்டர்), லென்ஸ் துடைக்க நான்கைந்து துணி. ஒரு துணி போதாது. உப்புத் துளி பட்ட துணியால் மறுபடி துடைத்தால் கண்ணாடி முழுக்கப் பூசினது போலாகிவிடும். லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மணல் காற்றில் பறக்கும் இடத்தில் சென்சாரைத் திறப்பதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்கும்.

ட்ரோன் கொண்டுவர நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். சுற்றிலும் உள்ள மணலும் சேறும் தேசிய இயற்கைக் காப்பகம். ஸ்வால்பார்டிலிருந்து வரும் பிரெண்ட் வாத்துகள் குளிர்காலத்தை இங்கேதான் கழிக்கின்றன. கோடையில் ஆலா என்ற கடற்பறவைகள் மணலிலேயே முட்டையிடும், கயிறு கட்டி வைத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

7. வற்றத்தில் இடம் பார்த்து வையுங்கள்

ஏற்றத்தில் எடுக்கப்போகும் படத்துக்கு அதற்கு முந்தைய வற்றத்தில் போய் நின்று பாருங்கள். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். எங்கே கல், எங்கே சேறு, எந்தக் குழியில் தண்ணீர் முதலில் சேரும் என்று பாருங்கள். போன தடவை தண்ணீர் எதுவரை வந்தது என்பதைக் கடற்பாசி ஒதுங்கிய வரி காட்டிக்கொடுக்கும். ட்ரைபாடை அந்த வரிக்கு மேலே வைக்க இடம் தேடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நிற்கும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே தாழ்வான வாய்க்கால் இருக்கிறதா? தட்டையான மணலில் தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வராது. வாய்க்கால் வழியாகச் சுற்றிவந்து முதுகுக்குப் பின்னால் நிரம்பும். எதிரே அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இது தெரியாது.

8. இறங்கும் தண்ணீரில் எடுங்கள்

சாலை தண்ணீருக்குள் மறையும் படத்தை எல்லோரும் தண்ணீர் ஏறும்போது எடுக்க வருகிறார்கள். நான் இறங்கும்போது எடுக்கச் சொல்கிறேன். படச்சட்டத்துக்குள் தெரிவது ஒன்றேதான். யாரும் படத்தைப் பார்த்து ஏறுதா, இறங்குதா என்று சொல்ல முடியாது.

ஆனால் உங்களுக்கு வித்தியாசம் நிறைய. ஏறும் தண்ணீரில் ஒவ்வொரு பத்து நிமிடமும் ட்ரைபாடைப் பின்னால் தூக்க வேண்டும், மனம் படத்தில் இருக்காது. இறங்கும் தண்ணீரில் தவறு செய்தால் கால்தான் நனையும், காத்திருந்தால் அதுவும் காய்ந்துவிடும். அதோடு, இறங்கும் தண்ணீர் சாலையைக் கழுவி, யாருடைய டயர்த் தடமும் இல்லாமல் உங்களிடம் தரும். மணலில் காலடியும் இருக்காது.

ஒரு முறை உடன் வந்த தம்பி ஒருவர் ஏறும் தண்ணீரில் சாலையோடு போய்க்கொண்டே இருந்தார். கூப்பிட்டால், “அண்ணே, தண்ணி இன்னும் அங்கதானே இருக்கு!” என்றார். தண்ணீர் அங்கே இருந்தது உண்மைதான். அவருக்குப் பின்னால் சாலையின் இரண்டு ஓரத்திலும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பூட்ஸுக்குள் தண்ணீரோடு திரும்பி வந்தார். கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை, நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன்.

திறப்பு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரையில் நின்று, தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க விளிம்பிலிருந்தே எடுங்கள். திறந்ததும் காத்திருக்கும் கார்கள் வரிசையாக ஓடும். சாலை நடுவில் ட்ரைபாட் வைக்காதீர்கள், ஒதுங்கி வையுங்கள்.

9. கேமரா அமைப்பு

ட்ரைபாடின் கீழ்ப் பகுதியை, மெல்லிய காலை, முதலில் முழுக்க நீட்டுங்கள். வழக்கத்துக்கு நேர்மாறு இது. ஆனால் இப்படிச் செய்தால் திருகும் மூட்டு உப்புத் தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே நிற்கும். பிறகு காலை மணலில் உடம்பு எடை போட்டு அழுத்துங்கள். அழுத்தாமல் விட்டால் ஒவ்வோர் அலையும் காலைச் சுற்றி மணலை அரிக்கும், 30 வினாடிப் படத்தின் நடுவில் கேமரா மெல்லப் புதையும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால்தான் மங்கல் தெரியும்.

முதலில் ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் பிடித்து, அதை மேனுவலில் பூட்டிவிட்டு, பிறகு என்டி போடுங்கள். பத்து ஸ்டாப் கண்ணாடி போட்டபின் கேமராவுக்கு எதுவும் தெரியாது. கணக்கு எளிது: ஃபில்டர் இல்லாமல் 1/30 வினாடி என்றால், பத்து ஸ்டாப்புக்கு ஏறத்தாழ 30 வினாடி.

எவ்வளவு நேரம் என்பது படத்தைப் பொறுத்தது. முழு ஏற்றத்தில் கூண்டு மட்டும் நிற்கும் படத்துக்கு 30 வினாடிக்கு மேல் போனால் தண்ணீர் பால்போல் ஆகி, கூண்டு தனித்து நிற்கும். சாலை மறையும் படத்துக்கு அவ்வளவு வேண்டாம். அரை வினாடியிலிருந்து இரண்டு வினாடிவரை வைத்தால் அலை பின்வாங்கும் கோடுகள் தெரியும், இது கடல்தான், பனியல்ல என்று பார்ப்பவருக்குப் புரியும். எனக்குப் பிடித்தது இந்தக் குறுகிய நேரம்தான்.

போலரைசரை மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஈரச் சாலையில் வானம் தெரிவதுதான் படமே, போலரைசர் அதைத் துடைத்துவிடும். திருகிப் பார்த்து, பிரதிபலிப்பு அதிகமாகும் இடத்தில் நிறுத்துங்கள் அல்லது கழற்றிவிடுங்கள்.

10. ஒரே இடம், இரண்டு நேரம்

ஏற்றமும் வற்றமும் அடுத்தடுத்து வைக்கும் ஜோடிப் படத்துக்கு ட்ரைபாட் அதே இடத்தில், அதே உயரத்தில் இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் யாரும் நிற்க முடியாது. அதனால் மூன்று காலும் ஊன்றிய இடத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், சட்டத்தின் இரு மூலைகளில் என்ன தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் நீளம், வெள்ளைச் சமநிலை இரண்டையும் மாற்றாதீர்கள். நிறம் மாறினால் ஜோடி பொருந்தாது.

டைம்லாப்ஸ், அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் வீடியோ, எடுக்க வேகமான நடு இரண்டு மணியைத் தேர்ந்தெடுங்கள். பத்து வினாடிக்கு ஒரு படம் என்றால் 720 படம், வினாடிக்கு 24 சட்டம் ஓட்டினால் 30 வினாடி வீடியோ. இதை மேட்டில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

11. மணல் வழியே நடப்பதானால்

சாலைக்குத் தெற்கே, கம்பங்கள் நட்ட பழைய யாத்திரைப் பாதை மணலுக்குக் குறுக்கே தீவுக்குப் போகிறது. வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் கம்பங்கள் நல்ல படம். ஆனால் கார் கடக்கும் நேரம் வேறு, நடக்கும் நேரம் வேறு. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, முழு வற்றத்துக்குள் மறுகரை சேர்ந்துவிட வேண்டும். படமெடுப்பவர் நடக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். முதல் முறை என்றால் தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். போனவழியே நடந்து திரும்பலாம் என்று எண்ணாதீர்கள், சாலை வழியாக வாகனத்தில் திரும்ப ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

12. தண்ணீர் முந்திக்கொண்டால்

சாலையில் தண்ணீர் தெரிந்தால் காரை உள்ளே விடாதீர்கள், ஆழம் பார்க்கவும் இறங்காதீர்கள். திரும்ப முடிந்தால் உடனே திரும்புங்கள். முடியாவிட்டால் காரையும் பையையும் விட்டுவிட்டுக் கூண்டில் ஏறுங்கள். 999 அழைத்துக் கடலோரக் காவல் படை வேண்டும் என்று சொல்லுங்கள். கேமராவை எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம்.

13. திரும்பியதும் கழுவுங்கள்

அன்று இரவே ட்ரைபாடைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். மூட்டுக்குள் ஒரு மணல் துணுக்கு போதும், அடுத்த வாரம் திருக வராது. கேமராவை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கவும். ஃபில்டர்களைத் தண்ணீரில் காட்டிய பிறகே துடைக்க வேண்டும், உலர்ந்த உப்பு கண்ணாடியைக் கீறும்.

14. வேறு கரைக்குப் போகிறவர்களுக்கு

படிகளின் வரிசை எங்கேயும் இதேதான், எண்கள் மட்டும் மாறும். முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஊரில் பெரிய ஏற்றம் எந்தப் பொழுதில் வருகிறது என்பது.

பிரான்சில் கடலோரத்தில் மலைபோல் நிற்கும் தீவான மோன் சான் மிஷேலில் பெரிய ஏற்றம் காலையும் மாலையும் வரும். அதனால் மென்மையான வெளிச்சமும் முழுத் தண்ணீரும் அங்கே சேர்ந்தே கிடைக்கும். ஓதத்தின் அளவை அங்கே 20 முதல் 120 வரை ஓர் எண்ணால் சொல்கிறார்கள். மலை முழுக்கத் தீவாக வேண்டும் என்றால் அந்த எண் 110-ஐ ஒட்டியாவது இருக்கும் நாளைத் தேடுங்கள். விரிகுடா மணலில் புதைமணல் உண்டு, வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

மும்பையில் கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்காவுக்குப் பெரிய ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். அப்படியானால் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் பாதை காய்ந்துதான் இருக்கும். மூழ்கிய பாதையும் செவ்வானமும் சேர்ந்த படத்துக்கு அங்கே அலைவதைவிட, மழைக்கால நண்பகலில் கருமேகத்தோடு எடுக்கலாம்.

குஜராத்தில் பாவ்நகருக்குப் பக்கத்தில் கோலியாக் இருக்கிறது. கம்பாத் வளைகுடாவின் ஓதம் அங்கே 10 மீட்டரைத் தாண்டும். நிஷ்களங்க் மகாதேவர் கோயிலின் ஐந்து லிங்கங்கள் இருக்கும் மேடை ஏற்றத்தில் மூழ்கிவிடும், கொடிமரம் மட்டும் தெரியும். கரை கிழக்கைப் பார்த்திருப்பதால் சூரியன் கடலுக்கு மேலேயே எழும். பாதையில் சேறு வழுக்கும், ரப்பர் பூட்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளூர்க்காரர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், நீங்களும் அப்படியே போங்கள். அவர்கள் திரும்பத் தொடங்கும்போது ட்ரைபாடை மடக்குங்கள்.